உங்க பேரு என்ன? - சீனர்கள் பெயர் வைக்கும் முறையும் அன்பாகக் கூப்பிடும் முறையும்

மு. போதும்பொண்ணு
மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை

மேலே என் பேரைப் படித்ததும் சிலர் சிரித்திருப்பீர்கள். பரவாயில்லை. மூன்று வருஷமாக வருகைப் பதிவேட்டில் என் பேரை வாசிக்கும்போதெல்லாம் கடைசி பெஞ்சில் கேட்கும் சிரிப்புதான் அது. பழகிப்போச்சு. ஆனால் நான் எழுத வந்தது என் பேரைப் பற்றி அல்ல, சீனர்களின் பேரைப் பற்றி. என் பேரும் நடுவில் வரும். எதற்காக என்று போகப் போகத் தெரியும்.

நான்காம் செமஸ்டர் முடிந்த விடுமுறையில், ஒரு பிளாஸ்டிக் பொருள் செய்யும் தொழிற்சாலையில் பதினைந்து நாள் இன்பிளான்ட் டிரெய்னிங் போனேன். அப்போது அங்கே சீனாவிலிருந்து ஒரு இன்ஜெக்ஷன் மோல்டிங் மெஷின் வந்து இறங்கியிருந்தது. அதை நிறுத்தி ஓட்டிக் காட்ட ஒரு சீனப் பொறியாளரும் வந்திருந்தார். வயசு ஐம்பதைத் தொட்டிருக்கும். அவருடைய அசல் பேரை இங்கே போடுவது மரியாதை அல்ல. அதனால் வாங் ஜியான்குவோ என்று வைத்துக்கொள்வோம். நம்ம ஊரில் முருகேசன் மாதிரி அங்கே அது ரொம்ப சாதாரணமான பேர்.

அவருக்கு அடையாள அட்டை எழுதும் வேலை என்னிடம் வந்தது. நான் ரொம்பக் கவனமாக, 'மிஸ்டர் ஜியான்குவோ' என்று எழுதி நீட்டினேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். கையிலிருந்த போனில் ஏதோ பேசினார். அது ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொன்னது: "என்னை அப்படி என் அம்மா மட்டும்தான் கூப்பிடுவார்."

எனக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது! அன்றைக்கு ஆரம்பித்த ஆர்வம் இது. அவரிடம் கேட்டும், பிறகு நூலகத்தில் தேடியும் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் குடும்பம், பிறகுதான் ஆள்

சீனப் பெயரில் முதலில் வருவது குடும்பப்பெயர். பின்னால் வருவதுதான் அவருக்கு வைத்த பெயர். வாங் என்பது குடும்பம், ஜியான்குவோ என்பது ஆள். சீன அதிபர் ஷி ஜின்பிங் என்றால் 'ஷி' குடும்பப்பெயர், 'ஜின்பிங்' அவருக்கு வைத்த பேர். கூடைப்பந்து வீரர் யாவ் மிங் என்றால் அவரை 'மிஸ்டர் யாவ்' என்றுதான் சொல்ல வேண்டும், 'மிஸ்டர் மிங்' அல்ல. நான் செய்தது அந்தத் தப்புதான்.

குடும்பப்பெயர் பெரும்பாலும் ஒரே எழுத்து. ஓயாங், சீமா, ஜூகே போன்ற இரண்டெழுத்துக் குடும்பப்பெயர்களும் உண்டு, ஆனால் குறைவு. பழங்காலச் சீனாவின் பெரிய வரலாற்று ஆசிரியர் சீமா சியானின் குடும்பப்பெயர் 'சீமா'. வைக்கும் பேர் ஒரு எழுத்தாகவோ இரண்டு எழுத்தாகவோ இருக்கும். ஆக மொத்தம் இரண்டு மூன்று எழுத்தில் ஒரு மனிதரின் முழுப் பேரும் முடிந்துவிடும்.

இத்தனை கோடி பேருக்குக் குடும்பப்பெயர்கள் எத்தனை இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 2019ஆம் ஆண்டு சீனப் பொதுப் பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட்ட கணக்குப்படி, வாங் என்ற குடும்பப்பெயர் உள்ளவர்கள் மட்டும் 10 கோடிக்கு மேல். லீ என்பவர்களும் 10 கோடிக்கு மேல். 2011 கணக்கெடுப்பில் நம் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே சுமார் 7 கோடியே 21 லட்சம்தான்! வாங், லீ, ஜாங், லியூ, சென் என்ற ஐந்து பேர்களுக்குள்ளேயே சீன மக்களில் நூற்றுக்கு முப்பது பேர் அடங்கிவிடுகிறார்கள்.

சோங் மரபு அரசர்கள் காலத்தின் தொடக்கத்தில், அதாவது சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன், 'நூறு குடும்பப்பெயர்கள்' என்று ஒரு பாடநூல் வந்தது. பிள்ளைகள் எழுத்துப் படிக்க அதை மனப்பாடம் செய்வார்கள். நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆத்திசூடி சொன்ன மாதிரி. பேர் நூறு என்றாலும் இன்று கிடைக்கும் பதிப்பில் உள்ளே 504 பெயர்கள் இருக்கின்றன. முதல் பெயர் 'ஜாவ்'. ஏன்? அப்போது ஆண்ட அரசரின் குடும்பப்பெயர் அது! இன்றைக்கும் சீன மொழியில் சாதாரண ஜனங்களைக் குறிக்க 'பழைய நூறு குடும்பப்பெயர்கள்' என்றுதான் சொல்கிறார்கள்.

இத்தனை பேருக்கு ஒரே பேர் என்றால் குழப்பம் வராதா? வரும். அதிலும் ஒரே ஒலியில் வேறு வேறு எழுத்துகள் உண்டு. அதனால் பேரைச் சொல்லும்போதே எழுத்தையும் பிரித்துச் சொல்வார்கள். "நான் ஜாங், வில்லும் நீளமும் சேர்ந்த ஜாங்" என்பார் ஒருவர். அந்த எழுத்தில் வில் என்ற எழுத்தும் நீளம் என்ற எழுத்தும் ஒட்டி இருக்கும். "மரமும் பிள்ளையும் சேர்ந்த லீ" என்பார் இன்னொருவர். நம்ம வாங் ஐயா ஒர்க்ஷாப் தரையில் சாக்பீஸால் மூன்று படுக்கைக் கோடும் ஒரு நெட்டுக்கோடும் போட்டுக் காட்டினார். அதுதான் வாங். அர்த்தம் 'அரசன்'.

கல்யாணமானால் பேர் மாறுமா?

சீனாவில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் தன் குடும்பப்பெயரையே வைத்துக்கொள்கிறார்கள். ஷி ஜின்பிங்கின் மனைவி பெங் லியுவான். புகழ்பெற்ற பாடகி. அவர் 'ஷி' ஆகவில்லை, பெங் ஆகவே இருக்கிறார். 1950ஆம் ஆண்டுத் திருமணச் சட்டமே கணவன், மனைவி இருவருக்கும் அவரவர் பேரை வைத்துக்கொள்ளும் உரிமையை எழுதி வைத்தது. ஹாங்காங்கில் கணவன் குடும்பப்பெயரைத் தன் பேருக்கு முன்னால் சேர்த்துக்கொள்ளும் பழைய வழக்கம் சிலரிடம் இருக்கிறது.

பிள்ளைக்கு? 1980ஆம் ஆண்டுச் சட்டம் அப்பா பேரும் வைக்கலாம், அம்மா பேரும் வைக்கலாம் என்றது. ஆனாலும் 2020இல் பிறந்த பிள்ளைகளின் கணக்கைப் பார்த்தால், அப்பாவின் குடும்பப்பெயர் பெற்றவர்கள் 12 பேர் என்றால் அம்மாவின் குடும்பப்பெயர் பெற்றவர் ஒருவர்தான். சட்டம் ஒரு பக்கம், வழக்கம் ஒரு பக்கம்!

ஒரே தலைமுறை, ஒரே எழுத்து

எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். பழைய குடும்பங்களில் ஒரு பாட்டு மாதிரி வரிசையாக எழுத்துகளை முன்னோர்கள் எழுதி வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் அதில் ஒரு எழுத்து. அண்ணன் தம்பி, பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் எல்லோர் பேரிலும் அந்த எழுத்து வரும். மா சேதுங்கின் தம்பிகள் பேர் மா சேமின், மா சேதான். 'மா' குடும்பம், 'சே' தலைமுறை, மிச்சம் இருப்பதுதான் ஆளுக்கென்று தனியாக உள்ளது. பேரைக் கேட்டவுடனே "இவர் நமக்கு அண்ணன் முறையா, சித்தப்பா முறையா" என்று தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்தவரிடம் எங்க அப்பத்தா ஒரு மணி நேரம் விசாரித்துக் கண்டுபிடிக்கிற விஷயத்தை ஒரு எழுத்து சொல்லிவிடுகிறது!

கன்பூசியஸ் வம்சத்தில் இது இன்றும் நடக்கிறது. 77ஆம் தலைமுறைக்கு 'தே', 78க்கு 'வெய்', 79க்கு 'சுய்', 80க்கு 'யோ'. அந்த வம்சத்தின் 80ஆம் தலைமுறைத் தலைமகன் 2006இல் பிறந்தார். நம்மில் பலருக்குக் கொள்ளுத்தாத்தா பேரே தெரியாது!

இதில் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். நம்ம வழக்கத்தில் தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்போம். பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்ததுதான். சீனாவில் அது கூடவே கூடாது. தாத்தா பேரில் உள்ள எழுத்தைப் பிள்ளைக்கு வைத்தால் அவமரியாதை. பெரியவர்கள் பேரை வாயால் சொல்வதும் தப்பு. அரசர் பேர் என்றால் எழுதுவதே தப்பு. 1777இல் வாங் ஷிஹோவ் என்ற அறிஞர், பேரரசர்களின் இயற்பெயர் எழுத்துகளைக் குறைக்காமல் முழுசாகத் தன் அகராதியில் அச்சிட்டார் என்பதற்காக உயிரையே இழந்தார்.

தாத்தாவை மறக்கக்கூடாது என்று நாம் பேரை வைக்கிறோம். தாத்தாவைச் சிறுமைப்படுத்தக்கூடாது என்று அவர்கள் வைக்காமல் விடுகிறார்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே மரியாதைதான்.

காலம் பேசும் பேர்கள்

சீன எழுத்துக்கு அர்த்தம் உண்டு. அதனால் எந்தப் பேரிலும் பெற்றோரின் ஆசை தெரியும். ஜியான்குவோ என்றால் 'நாட்டைக் கட்டு' என்று அர்த்தம். 1949இல் மக்கள் சீனக் குடியரசு உருவானபோது இந்தப் பேர் ஏராளமாக வைக்கப்பட்டது. குவோசிங் என்றால் 'தேசியத் திருநாள்'. 1966 முதல் 1976 வரை நடந்த கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் 'ஹோங்', அதாவது சிவப்பு, என்ற எழுத்து ஏகப்பட்ட பேர்களில் ஏறியது. 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் நடந்த சமயம் 'ஒலிம்பிக்' என்று அர்த்தம் வரும் 'ஆவ்யூன்' என்ற பேரையே பிள்ளைகளுக்கு வைத்தார்கள்.

ஒரே ஆளுக்குப் பல பேரும் இருந்தது. வீட்டில் ஒரு பால்பெயர். பள்ளிக்கூடம் போனால் வாத்தியார் வைக்கும் பள்ளிப்பெயர். அந்தக் காலத்தில் இளைஞன் ஆளானதும் சபையில் வழங்க இன்னொரு பெயர். டெங் சியாவோபிங் பிறந்தபோது அவருக்கு வைத்த பேர் டெங் சியான்ஷெங். பள்ளியில் சேர்த்தபோது, அந்தப் பேர் கன்பூசியஸுக்கு அவமரியாதை என்று வாத்தியார் டெங் ஷிஷியான் என்று மாற்றினார். 1927இல் தலைமறைவு அரசியல் வேலைக்காக அவரே சியாவோபிங் என்று வைத்துக்கொண்டார். உலகம் அறிந்தது மூன்றாவது பேரைத்தான்!

பால்பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. பிள்ளை பிழைக்க வேண்டும், கெட்டது கண் வைக்கக்கூடாது என்பதற்காக வேண்டுமென்றே மட்டமான பேரை வைப்பார்கள். 'நாய் மிச்சம் வைத்தது', 'இரும்பு உருண்டை', 'கல்' என்றெல்லாம். மா சேதுங்குக்கு முன்பு பிறந்த இரண்டு குழந்தைகள் இறந்துவிட்டதால், ஒரு பாறையையே அவருக்கு ஞானத்தாயாக்கி, 'கல் மூன்றாமவன்' என்ற பொருளில் கூப்பிட்டார்கள். நம்ம ஊர் குப்பம்மா, பிச்சை, மண்ணாங்கட்டி எல்லாம் இதே கணக்குதானே? பேர் மட்டம், ஆனால் அதுக்குள்ளே இருப்பது முழுக்க முழுக்கப் பாசம்.

ஆனால் எல்லா மட்டமான பேரிலும் பாசம் இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஜாவ்தி

மூன்றாம் நாள் மதியம் சாப்பாட்டு நேரம். வாங் ஐயா என் அடையாள அட்டையைக் காட்டி, "உன் பேருக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. பொய் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். அப்புறம் சொல்லிவிட்டேன்: "பெண் பிள்ளை போதும் என்று அர்த்தம். நான் மூன்றாவது பெண்."

அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "என் அம்மா பேர் ஜாவ்தி" என்றார்.

'ஜாவ்' என்றால் கூப்பிடு, 'தி' என்றால் தம்பி. 'தம்பியை அழைத்து வா' என்று ஒரு பெண் குழந்தைக்குப் பேர்! இது ஒன்றிரண்டு வீட்டுச் சமாச்சாரம் அல்ல. 'தம்பி வா' என்று லாய்தி, 'தம்பிக்குக் காத்திரு' என்று பான்தி, இப்படி ஒரு வரிசையே சீனாவில் உண்டு. வாங் ஐயாவின் அம்மாவுக்குப் பின்னால் தம்பி பிறந்தாராம். தம்பி பள்ளிக்கூடம் போனார். அக்கா நூற்பாலைக்குப் போனார். பிறக்கும் முன்பே இன்னொருவருக்காக வைக்கப்பட்ட பேரை அவர் ஆயுசு முழுக்கச் சுமந்தார்.

ஏன் இப்படி? காரணம் குடும்பப்பெயரில் இருக்கிறது. குடும்பப்பெயரும் வம்சாவளி ஏடும் மகன் வழியாகப் போகும். மகள் இன்னொரு வீட்டுப் பிள்ளையைப் பெறப் போகிறவள் என்ற எண்ணம். பழைய வம்சாவளி ஏடுகளில் பெரும்பாலும் மகள்கள் வரிசையில் சேரமாட்டார்கள். கன்பூசியஸ் வம்சத்தின் ஏட்டிலேயே 2009இல் வந்த பதிப்பில்தான் முதன்முறையாகப் பெண்களைச் சேர்த்தார்கள். அதில் 20 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். இதில் இன்னொரு விசித்திரம் பாருங்கள். குடும்பப்பெயர் என்பதைக் குறிக்கும் சீன எழுத்து 'ஷிங்'. அது 'பெண்', 'பிறப்பு' என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்தது! எழுத்துக்குள் பெண் இருக்கிறாள். ஏட்டுக்குள் மட்டும் இடமில்லாமல் போனாள்.

குடும்பப்பெயரே இல்லாத நம்ம ஊரிலும் போதும்பொண்ணு, வேண்டாம் என்று பேர் இருக்கிறதே, அதற்கு என்ன சொல்வது? இங்கே வரதட்சணை, கொள்ளி வைக்க ஆண்பிள்ளை என்ற பேச்சு. வழி வேறு, வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான். எனக்குப் பின்னால் தம்பி பிறந்தபோது, "பேரு பலிச்சிருச்சு, ராசிக்காரி!" என்று அப்பத்தா என்னைத்தான் தூக்கிக் கொஞ்சியதாம். அப்பத்தாவுக்கு என் மேல் பாசம் இல்லை என்று நான் எப்படிச் சொல்வது? அக்காக்கள் இருவரும் எட்டாவதோடு நின்றுவிட்டார்கள். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இந்தப் போதும்பொண்ணுதான்.

பேர் சொல்லாமல் கூப்பிடுவது

பேர் வைப்பது ஒரு கதை. கூப்பிடுவது இன்னொரு கதை. சீனாவில் முழுப்பேர் சொல்லிக் கூப்பிடுவது பள்ளிக்கூடத்திலும் ஆபீஸிலும் நடக்கும். வீட்டில் அம்மா முழுப்பேரைச் சொன்னால் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம்!

உறவு முறையில் நமக்கும் அவர்களுக்கும் உள்ள ஒற்றுமையைப் பார்த்து அசந்துபோனேன். அண்ணன் 'கெகெ', அக்கா 'ஜியேஜியே', தம்பி 'திதி', தங்கை 'மெய்மெய்'. மூத்தவர்களை முறை சொல்லித்தான் கூப்பிட வேண்டும், இளையவர்களைப் பேர் சொல்லலாம். அப்படியே நம்ம வீடு! ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்ற ஒரே சொல்லில் எல்லோரையும் அடைத்துவிடுகிறார்கள். சீனத்தில் பெரியப்பாவுக்கு ஒரு சொல், சித்தப்பாவுக்கு 'ஷூஷூ', தாய்மாமனுக்கு 'ஜியூஜியூ', அத்தைக்கு 'கூகூ'. அப்பாவைப் பெற்ற தாத்தா 'யெயெ', பாட்டி 'நைநை'. அம்மாவைப் பெற்றவர்களுக்குச் சொல் வேறு, அதுவும் வடக்கில் ஒன்று, தெற்கில் ஒன்று. சித்தி முறைக்கு 'ஆயி'! ஒலி ஒத்துப்போவது தற்செயல்தான், இருந்தாலும் காதுக்கு இனிக்கிறது.

ஒரு இடத்தில் மட்டும் வழி பிரிகிறது. நமக்குச் சித்தி பிள்ளைகள் அண்ணன் தம்பி முறை, மாமன் பிள்ளைகள் கட்டிக்கொள்ளும் முறை. சீனர்கள் அப்பாவின் அண்ணன் தம்பி பிள்ளைகளை 'தாங்' என்று ஒரு பக்கமும், மாமன், அத்தை, சித்தி பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்து 'பியாவ்' என்று மறுபக்கமும் வைக்கிறார்கள். ஒரே குடும்பப்பெயரா, இல்லையா என்பதுதான் அங்கே கோடு.

இந்த உறவுச் சொற்கள் வீட்டோடு நிற்பதில்லை. தெருவில் பார்க்கும் பெரியவர் 'யெயெ', பக்கத்து வீட்டு அம்மா 'ஆயி'. சின்னப் பிள்ளைகள் போலீஸ்காரரை 'போலீஸ் சித்தப்பா' என்று கூப்பிடுகிறார்கள்! நாம் பஸ்ஸில் கண்டக்டரை "அண்ணே" என்பதுபோலத்தான்.

குழந்தையைக் கொஞ்ச, பேரின் ஒரு எழுத்தை இரட்டிப்பார்கள். லெலெ, யுவான்யுவான் என்று. சீனாவின் பாண்டாக் கரடிகளுக்கும் இப்படித்தான் பேர். 1972இல் அமெரிக்காவுக்குக் கொடுத்த இரண்டு பாண்டாக்களின் பேர் லிங்-லிங், ஷிங்-ஷிங். 'பாவ்பெய்' என்றால் 'புதையல்', நம்ம 'தங்கமே' மாதிரி. இன்னும் பாசம் பொங்கினால் 'இதயமே, ஈரலே' என்பார்கள். தென் சீனாவில் பேருக்கு முன் 'ஆ' சேர்த்துக் கூப்பிடுவது உண்டு.

கணவன் மனைவியில் புதுசாகக் கல்யாணமானவர்கள்கூட ஒருவரை ஒருவர் 'கிழவா', 'கிழவி' என்று பொருள்படத்தான் செல்லமாகக் கூப்பிடுகிறார்கள்! கிராமத்துப் பழைய தலைமுறை மனைவியோ கணவன் பேரைச் சொல்லாமல் 'பிள்ளையோட அப்பா' என்பார். எங்கம்மா இன்றுவரை அப்பாவை "இந்தா, எம்புள்ளைகளோட அப்பா" என்றுதான் கூப்பிடுகிறார். சீனக் கிராமத்து அம்மா ஒருவரும் எங்கம்மாவும் சந்தித்தால் மொழி தெரியாமலே சிநேகமாகிவிடுவார்கள்!

பெரியவர், சின்னவர், வேலைக்காரர்

நண்பர்களுக்குள்ளும் வேலை செய்யும் இடத்திலும் ஒரு அழகான முறை இருக்கிறது. வயசில் இளையவர் என்றால் குடும்பப்பெயருக்கு முன் 'சியாவ்', அதாவது 'சின்ன'. மூத்தவர் என்றால் 'லாவ்', அதாவது 'பழைய'. சியாவ் லீ, லாவ் வாங். 'லாவ்' என்பதில் கேலி இல்லை, நெருக்கம் உண்டு. அதே சொல்லைப் பின்னால் போட்டு 'வாங் லாவ்' என்றால் நெருக்கம் போய்ப் பெரிய மரியாதை வந்துவிடும். ஊரே வணங்கும் முதிய அறிஞரை மட்டும்தான் அப்படி அழைப்பார்கள். சொல் ஒன்றுதான், இடம் மாறினால் பொருளே மாறுகிறது!

பதவியையும் சேர்ப்பார்கள். ஆசிரியரை 'வாங் லாவ்ஷி' என்பார்கள். நம்மைப் போன்றவர்களுக்குத்தான் இது முக்கியம்: பொறியாளர் என்றால் குடும்பப்பெயரோடு 'கோங்' சேர்ப்பார்கள். பொறியாளர் என்ற சீனச் சொல்லின் முதல் எழுத்து அது. வாங் கோங், லீ கோங். மெஷின் ஓட்டும் இடத்தில் இதைக் கேட்கலாம்.

1949க்குப் பிறகு பல காலம் எல்லோரையும் எல்லோரும் 'தோங்ஜி', அதாவது தோழர் என்றே கூப்பிட்டார்கள். பின்னாளில் அது குறைந்துவிட்டது. ஆனால் இன்னும் நிலைத்து நிற்கும் ஒரு சொல் 'ஷிஃபு'. தொழில் கற்றுக்கொடுக்கும் குரு என்று அர்த்தம். டிரைவர், குழாய் ரிப்பேர் செய்பவர், லேத் ஓட்டுபவர், சமையல்காரர் யாராக இருந்தாலும் பேர் தெரியாவிட்டால் 'ஷிஃபு' என்றுதான் விளிக்கிறார்கள்.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு வயசான ஃபிட்டர் இருந்தார். ஐ.டி.ஐ.கூடப் படிக்காதவர், கையால் தடவிப் பார்த்தே லெவல் சொல்லிவிடுவார். எல்லோரும் "யோவ் பெரிசு" என்றுதான் கூப்பிடுவார்கள், நேற்று வந்த சூப்பர்வைசர் உள்பட. வாங் ஐயா முதல் நாளே அவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்து "ஷிஃபு" என்றார். அவருக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் குரலில் இருந்தது புரிந்துவிட்டது. நாலாம் நாள் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "பாப்பா, அந்த மனுசன் என்னமோ சொல்லிக் கூப்பிடுறாரே, அது என்ன?" சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஸ்பேனரை எடுக்கப் போய்விட்டார்.

எனக்கு எங்கப்பா ஞாபகம் வந்தது. லாரி ஷெட்டில் மூட்டை தூக்குகிறார். முதலாளியின் மகன், என்னைவிட ஒரு வயசு சின்னவன், அப்பாவைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான்.

போ கோங்

கடைசி நாள். மெஷின் நல்லபடியாக ஓடி முதல் பக்கெட் வெளியே விழுந்தது. வாங் ஐயா என்னைக் கூப்பிட முயன்றார். என் பேர் அவர் வாயில் நுழையவில்லை. "உன் குடும்பப்பெயர் என்ன?" என்றார். எங்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது, அப்பா பேரின் முதல் எழுத்துதான் முன்னால் வரும் என்று விளக்கினேன். அவருக்கு ஆச்சரியம். கொஞ்சம் யோசித்தார்.

"போ... எங்கள் ஊரிலும் 'போ' என்று ஒரு குடும்பப்பெயர் உண்டு" என்றார். அப்புறம் ஹைட்ராலிக் பிரஷர் அளவைக் காட்டி, எல்லோர் முன்னாலும் கூப்பிட்டார்: "போ கோங்! இதைப் படி."

பொறியாளர் போ! என் பேரின் அதே முதல் எழுத்துதான். 'பெண் போதும்' என்று சொன்ன எழுத்துதான். பதினெட்டு வருஷத்தில் யாரும் என்னை அப்படி ஒரு இடத்தில் வைத்துக் கூப்பிட்டதில்லை. அளவைப் படித்தேன். குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் அளவு சரியாக இருந்தது.

டிப்ளமோ சர்டிபிகேட்டில் ஏறும் முன் பேரை மாற்றிவிடலாம் என்று அரசிதழ் விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தேன். அது இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. மாற்றுவேனா மாட்டேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. மாற்றினாலும் தப்பில்லை, டெங் சியாவோபிங்கே இரண்டு முறை மாறியவர்! ஆனால் அவசரப்பட்டு மாற்ற வேண்டும் என்ற தவிப்பு இப்போது இல்லை.

நண்பர்களே! சீனர்களின் பேர்களைப் படித்ததில் நான் கற்றுக்கொண்டது இதுதான். நமக்கு வைத்த பேர் நம்மைப் பெற்றவர்கள் எதை ஆசைப்பட்டார்கள், எதற்குப் பயந்தார்கள் என்பதைச் சொல்கிறது. அதில் நம் கை இல்லை. ஆனால் ஒருவரை எப்படிக் கூப்பிடுகிறோம் என்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. ஒர்க்ஷாப் உதவியாளர், கேன்டீன் அக்கா, வாட்ச்மேன் தாத்தா, அவர்களை நாளைக் காலையில் எப்படிக் கூப்பிடப் போகிறீர்கள் என்று சற்றே யோசித்துப் பாருங்கள்.

ஊருக்குப் போனபோது அந்த ஷெட்டுக்கு அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போனேன். தூரத்திலிருந்தே "ஷிஃபு!" என்று கூப்பிட்டேன். அப்பா திரும்பிப் பார்த்து, "என்ன பாஷைடி இது?" என்றார். "மேஸ்திரிக்கு மேலே ஒரு மரியாதை" என்றேன். சிரித்துக்கொண்டே தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டார்.

வருகைப் பதிவேட்டில் என் பேரை வாசிக்கும்போது கடைசி பெஞ்சு நண்பர்கள் இனியும் சிரிக்கலாம். கோபமில்லை. ஆனால் 'போ கோங்' என்று கூப்பிட்டுப் பாருங்களேன். உடனே "உள்ளேன் ஐயா" சொல்வேன்!